வீட்டில் ஓடும், விமானத்தில் நிற்கும்

1. சத்தம் வராத சுவிட்ச்

சுவிட்சைப் போட்டால் விமானத்தின் மூக்குப் பக்கத்திலிருந்து “கிர்ர்” என்று ஒரு சத்தம் வர வேண்டும். வரவில்லை. உள்ளே உட்கார்ந்திருந்த ஜோசப் சார் மறுபடியும் போட்டுப் பார்த்தார். நான் சக்கரத்தின் பக்கத்தில் மண்டியிட்டு, காதைப் பலகையோடு ஒட்டி வைத்திருந்தேன். ஒன்றும் கேட்கவில்லை.

பிள்ளைகளே, அது எண்பதுகளின் தொடக்கம். நீங்கள் அப்போது கைக்குழந்தைகள். நாம் சிரம்பான் பக்கம், லாபு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். தண்ணீர் பம்ப் மோட்டார்களுக்குக் காயில் சுற்றுவதும் தொழிலாளர் லயத்து வீடுகளுக்கு வயர் இழுப்பதும் என் வேலை. ஜோசப் சார் எங்கள் தோட்டத்து இஞ்சினியர். அதற்கு முன் ஆகாயப் படையில் மெக்கானிக்காக இருந்தவர். வெளிநாட்டிலிருந்து வரைபடத்தை வரவழைத்து, மரத்தாலேயே ஒரு சின்ன விமானம் கட்டினார். ரப்பர் பாலை உறைய வைத்து ஷீட் அடிப்பதை நிறுத்திய பிறகு காலியாகக் கிடந்த பழைய பால் ஸ்டோர்தான் அவருக்குப் பட்டறை. உரம் தூவும் விமானத்துக்காகப் போட்ட மண் ஓடுபாதை ஒன்றும் தோட்டத்துக்குள் இருந்தது.

அந்த விமானத்தில் சின்ன மோட்டார்கள் மூன்று. இறக்கையின் பின்னோர மடலான ஃபிளாப்பை இறக்க ஒன்று, மூக்கு ஏறி இறங்காமல் நிதானமாக வைக்கும் வால் டிரிம்முக்கு ஒன்று, பெட்ரோலை மேலே ஏற்ற ஒன்று. டேங்க் கீழே இறக்கையில், இஞ்சின் மேலே. இஞ்சினோடு ஓடும் பம்ப் ஒன்று உண்டு. ஆனால் ஏறும்போதும் இறங்கும்போதும் அது கைவிட்டால், கரண்ட் பம்ப்தான் காப்பாற்ற வேண்டும். ஓடுபாதை முடிகிற இடத்தில் எண்ணெய் எடுக்கும் செம்பனை மரக்காடு. இறங்க ஒரு முழம் இடம் கிடையாது.

மோட்டார் பார்ப்பவன் நான். சார் என்னிடம் ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார்: “ராமையா, ஆகாயப் படையில மாட்டுனவனே ஓகே சொல்லக்கூடாது. இன்னொருத்தன் சொல்லணும். மோட்டாருக்கு நீ ஓகேன்னு சொன்னாத்தான் நான் ஏறுவேன்.”

அன்று அதைப் பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

2. தட்டினால் ஓடும்

சத்தம் வராத அந்தக் கரண்ட் பம்ப்பைக் கழற்றித் திறந்தேன். அது பழைய சாமான். மோட்டாருக்குள் கரண்ட் ஏறும் செம்பு வளையமான கம்யூட்டேட்டர் மங்கி, ஓரத்தில் லேசாகப் பச்சை பூத்திருந்தது. நாள்பட்ட சரக்கு, அப்படித்தான் இருக்கும் என்று உப்புத்தாளால் தேய்த்து, அதை உரசிக் கரண்ட் கொடுக்கும் பிரஷ்ஷையும் புதிதாகப் போட்டேன். வீட்டு வாசலில் பேட்டரி வைத்துத் தினமும் ஓட்டினேன். ஒரு பால் டின்னிலிருந்து இன்னொரு டின்னுக்கு பெட்ரோல் தங்குதடையில்லாமல் ஏறியது. ஆம்பியர் மீட்டர் முள் ஆடாமல் நின்றது. சார் அதை விமானத்தில் மாட்டினார். கொஞ்ச நாள் ஓடியது. பிறகு ஒரு காலை, சத்தம் இல்லை.

வயரில் கோளாறோ என்று சந்தேகப்பட்டேன். லாரி என்றால் ஒரு வயரை இழுத்து, இன்னொன்றை இரும்பு பாடியில் தட்டிவிட்டால் போதும். இது மர விமானம், மரத்தில் கரண்ட் போகாது. போகவும் வரவும் இரண்டு வயர் வேண்டும். எல்லாவற்றையும் டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்த்தேன். மோட்டாரின் வாசல் வரை கரண்ட் வந்தது. உள்ளே போகவில்லை.

அப்போது லாரி டிரைவர் மாணிக்கம் அண்ணன் வந்தார். விஷயத்தைக் கேட்டதும் ஸ்பேனரை எடுத்து மோட்டார் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். “கிர்ர்” என்று ஓட ஆரம்பித்தது.

“பாத்தியா? எல்லா மோட்டாருக்கும் ஒரே மருந்துதான் லா. என் லாரி ஸ்டார்ட்டர் பத்து வருசமா இப்படித்தான் ஓடுது.”

“ஆகாயத்துல நின்னா யாருண்ணே தட்டுறது?”

“என்னை ரெக்கையில கட்டிவிடு. தட்டிக்கிட்டே வர்றேன். சிரம்பான்ல பசியாறிட்டு வந்துடலாம்.”

எல்லாரும் சிரித்தார்கள். சாரும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மோட்டாரை மறுபடியும் வீட்டுக்குக் கொண்டுபோனேன். திறந்தால் அதே பச்சை. நான் தேய்த்துப் பளபளவென்று வைத்த செம்பின் மேலேயே. மறுபடியும் தேய்த்து, பெட்ரோல் கசிகிறதோ என்று சீல் வளையத்தையும் மாற்றினேன். வீட்டில் எத்தனை முறை போட்டாலும் ஓடியது.

இதற்குள் கோலாலம்பூரிலிருந்து விமான இலாகா ஆபீசர் வந்து பார்த்து, பறக்க அனுமதியும் கொடுத்துவிட்டார். மழைக்காலம் நெருங்கியது. மண் பாதை நனைந்தால் அடுத்த வருஷம்தான்.

“ராமையா, வர்ற ஞாயித்துக்கெழமை. இப்ப ஓடுதுல்ல?” என்றார் சார்.

“ஓடுது சார்.”

“அப்ப ஓகேதானே?”

“இன்னும் சொல்ல முடியல சார். ஏன் நின்னுச்சுன்னு எனக்குத் தெரியல.”

அவர் முகம் சுருங்கிவிட்டது. கையைத் துடைத்துக்கொண்டு போனார். அன்று சாயங்காலம் அவர் மனைவி நம் வீட்டுக்கு வந்தார்கள். நம் தோட்டப் பள்ளிக்கூடத்து டீச்சர். உட்காரவில்லை.

“அவரு என்கிட்ட எல்லாம் சரியாத்தான் இருக்குன்னு சொல்வாரு. அவரை நான் கேக்கல. நீங்க சொல்லுங்க. சரியா இருக்கா?”

“பாத்துக்கிட்டு இருக்கேன் டீச்சர்,” என்றேன். அவர்கள் போன பிறகு மோட்டாரைத் திரும்பவும் ஓட்டிப் பார்த்தேன்.

3. துணி சுற்றிய கை

மறுநாள் மதியம் பால் ஸ்டோரில் விமானத்தின் கீழே படுத்து வயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உங்கள் அம்மா சோறு கொண்டுவந்தாள். வாசலில் தூக்கை இறக்கி வைத்து, கைக்குட்டையை எடுத்து இடது மணிக்கட்டில் சுற்றி முடிந்துகொண்டு உள்ளே வந்தாள்.

“என்ன பார்வதி, கையில அடிபட்டுச்சா?”

அவள் கையைப் பார்த்துத் தானே சிரித்தாள். “பழக்கதோசம். கல்யாணத்துக்கு முந்தி இங்கதானே வேலை செஞ்சேன்? மாரியம்மனுக்கு வேண்டிப் போட்ட செம்புக் காப்பு. இதுக்குள்ள வந்தா பச்சை புடிச்சிரும். நாங்க பொம்பளைங்க எல்லாரும் துணி சுத்திக்கிட்டுத்தான் உள்ளாற வருவோம்.”

“அது பால் உறைய அசிட் ஊத்துன காலம். இப்பதான் ஷீட் அடிக்கலையே?”

“ஷீட் அடிக்கலை. அந்தச் சுவத்துக்குப் பின்னால அசிட் தோங்கு அடுக்கியிருக்குல்ல? வாடை குத்துதே. உங்க மூக்குக்கு பெட்ரோல் ஒண்ணுதான் தெரியும்.”

நான் எழுந்து தடுப்புச் சுவருக்குப் பின்னால் போனேன். மிச்ச அசிட்டை அந்தத் தோங்குகளில், பெரிய பிளாஸ்டிக் பீப்பாய்களில், அங்கேயே வைத்திருந்தார்கள். ஒன்றின் மூடி விரிசல் விட்டிருந்தது. மாதக்கணக்காக அந்த வாடையிலேயே வேலை செய்த எங்கள் மூக்கு அதை மறந்தே போயிருந்தது.

செம்பைத் தின்பது அந்த அசிட் புகைதான் என்று சாரிடம் சொன்னேன். அவர் உடனே நம்பவில்லை, அது சரிதான். இரண்டு செம்பு வயர்த் துண்டுகளைப் பளபளவென்று தேய்த்து, ஒன்றை ஸ்டோரில் தொங்கவிட்டோம், ஒன்றை நம் வீட்டு ஜன்னலில். ஞாயிற்றுக்கிழமை வந்தது. யாரும் பறக்கவில்லை. வீட்டுத் துண்டு பழுப்புத் தட்டியிருந்தது, அவ்வளவுதான். ஸ்டோர்த் துண்டில் பச்சை ஏறியிருந்தது.

இரண்டையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்த சார், டிரிம் மோட்டாரைக் கழற்றச் சொன்னார். பச்சை. ஃபிளாப் மோட்டார், அதுவும் பச்சை. வயர் முனைகள், சுவிட்சின் உள்பக்கம், எல்லாவற்றிலும் ஆரம்பித்திருந்தது. அவர் அப்படியே சக்கரத்தின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

“நான் பெட்ரோல் கசிவையே தேடிக்கிட்டு இருந்தேன் ராமையா.”

“நானும்தான் சார்.”

4. ஓகே

விமானத்தை டிராக்டர் கொட்டகைக்கு நகர்த்தினோம். மூன்று மோட்டார்களையும் பிரித்து, கம்யூட்டேட்டரைக் கடைசல் மெஷினில் இழைத்து, பிரஷ் ஸ்பிரிங்கிலிருந்து வயர் முனை வரை மாற்றினோம். பிறகு மழை பிடித்துக்கொண்டது. அந்த மழைக்காலம் முழுவதும் தினமும் காலையில் வேலைக்குப் போகும் வழியில் கொட்டகைக்குள் போய் மூன்று சுவிட்சையும் போடுவேன். ஒரு நாளும் நிற்கவில்லை. பாதை காய்ந்ததும் பம்ப்பை மறுபடியும் திறந்து பார்த்தேன். செம்பு செம்பாகவே இருந்தது.

“ஓகே சார்,” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

“சத்தமா சொல்லு.”

“ஓகே சார்!”

தோட்டமே ஓடுபாதைக்கு வந்திருந்தது. மாணிக்கம் அண்ணன் ஸ்பேனரைத் தூக்கிக் காட்டி, “கூப்பிட்டா வர்றேன் சார்!” என்று கத்தினார். இஞ்சின் இரைச்சலில் பம்ப் சத்தம் கேட்காது. சார் உள்ளிருந்து கட்டை விரலைக் காட்டினார். பம்ப் போட்டாயிற்று என்று அர்த்தம். விமானம் செம்பனை உச்சியைத் தாண்டி மறையும் வரை டீச்சர் உங்கள் அம்மாவின் கையைப் பிடித்திருந்தார்கள், காப்போடு சேர்த்து. நான் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். காது மட்டும் மேலே இருந்தது.

ஒரு பெரிய வட்டம் போட்டுவிட்டு வந்து இறங்கினார். இறங்கியதும் டீச்சரிடம்தான் முதலில் போனார். பிறகு என்னிடம் வந்து சொன்னது ஒன்றே ஒன்று: “அன்னைக்கு நீ ஓகேன்னு சொல்லியிருந்தா நான் ஏறியிருப்பேன், தெரியுமா?”

தெரியும். அதனால்தான் நீங்கள் போனில், “கார் நின்னுபோச்சுப்பா, இப்ப ஓடுது, கவலப்படாதீங்க,” என்று சொல்லும்போது நான் பேசாமல் இருக்கிறேன். கோபம் என்று நினைக்காதீர்கள். ஏன் நின்றது என்று நீங்கள் சொல்வதற்காகக் காத்திருக்கிறேன்.