முட்டை எடுக்காதீங்க

என் வீட்டுக்காரரின் தொழில் முட்டுக் கொடுப்பது. கேலிக்குச் சொல்லவில்லை, உண்மையிலேயே அதுதான் தொழில். வீட்டுக்குள் ஒரு சுவரை எடுக்கிறார்கள் என்றால், வேலை முடியும்வரை மேலே இருக்கிற தளம் கீழே இறங்காமல் இருக்க, இரும்புக் குழாய்களை நட்டுத் திருகி நிறுத்துவார். அந்தக் குழாய்க்குப் பெயர் முட்டு. நாளடைவில் அவருக்கும் அதுவே பெயராகிவிட்டது. "முட்டு வந்தாச்சா?" என்று சைட்டில் யாராவது கேட்டால், கேட்பது குழாயையா ஆளையா என்று முகத்தைப் பார்த்துத்தான் பதில் சொல்ல வேண்டும்.

வீட்டிலும் அவருக்கு அதே வேலைதான். அதுதான் என் வயிற்றெரிச்சல். அவருடைய தம்பி, என் கொழுந்தனார், கான்ட்ராக்டர். ஓப்பன் கிச்சன் வேண்டும் என்று கேட்கிற வீடுகளுக்கெல்லாம் சுவரை எடுத்துக் கொடுப்பவர். சுறுசுறுப்பானவர், வாய் சாமர்த்தியம் உண்டு, கூடவே சரியான அவசரக்குடுக்கை. ஒரு வீட்டில் சுவருக்குள் தண்ணீர்க் குழாய் போவதைப் பார்க்காமல் உடைத்துக் கூடமெல்லாம் குளமாகிவிட்டது. உடைத்தது தம்பி. "நான்தாங்க சொல்லாம விட்டுட்டேன்" என்று தலை குனிந்து நின்றது இவர். இன்னொரு வீட்டில் மின்சாரத்தை நிறுத்தாமலே உளியை வைத்தார்கள். அதற்கும் ஏச்சு வாங்கியது இவர்தான். வீட்டுக்கு வந்ததும் நான் பிடித்துக்கொள்வேன். "சின்னவன்தானே, விடு" என்பார். அந்தச் சின்னவனுக்குக் காதோரம் நரைத்து எத்தனையோ காலம் ஆகிறது.

ஊராருடைய தளத்தையும் தம்பியையும் சேர்த்துத் தாங்கித் தாங்கி மனிதர் ஓய்ந்துபோனார். காலையில் எழுந்தால் உடனே நடமாட மாட்டார். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டிருப்பார். என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டால், "ஒண்ணுமில்ல, மடங்குதான்னு பாக்கறேன்" என்பார். நான் தேநீரை அவர் கையில் கொடுப்பதில்லை, பக்கத்து ஸ்டூலில் வைத்துவிடுவேன்.

இந்த நிலைமையில்தான் டீச்சர் வீட்டு வேலை வந்தது. டீச்சர் பிள்ளைகளுக்கு இலக்கணம் சொல்லிக்கொடுத்தே தொண்டையைத் தேய்த்துக்கொண்டவர், இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். அவருடைய கணவர் லாரி ஓட்டியவர், இன்றைக்கும் எல்லோருக்கும் அவர் டிரைவர்தான். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு குழறும், பாதி வார்த்தைதான் வரும். கட்டிலைக் கூடத்தில் போட்டிருந்தார்கள். டீச்சர் சமையலறைக்குள் போய்விட்டால் குறுக்கே சுவர். ஒரு நாள் குக்கர் சத்தத்தில் அவர் கூப்பிட்டது கேட்கவில்லை. சமையலை முடித்துவிட்டு வந்து பார்த்தால் மனிதர் கட்டிலிலிருந்து சரிந்து தரையில் கிடந்திருக்கிறார்.

"எனக்கு அழகெல்லாம் வேணாங்க" என்றாராம் டீச்சர். "நான் அடுப்புகிட்ட நின்னா அவரு மூஞ்சி தெரியணும். அது போதும்."

கொழுந்தனார் சுவரைத் தட்டிப் பார்த்தார். "அரைச் செங்கல் சுவர்தான் டீச்சர், வெறும் தடுப்பு. ஒரு காலைல எடுத்துடலாம்."

இவர் வழக்கம்போலப் படியேறி மாடிக்குப் போனார். எந்த வீட்டிலும் முதலில் மேலே போய்த்தான் பார்ப்பார். அங்கே குடியிருப்பவர்கள் பின்னால் ஒரு குளியலறை கட்டியிருந்தார்கள். அதன் சுவர் சரியாக இந்தச் சுவருக்கு மேலேயே உட்கார்ந்திருந்தது. இன்ஜினியர் அம்மாவை வரவழைத்தார்கள். அவரும் பூச்சைக் கொத்திப் பார்த்து, அளந்து, தடுப்பாகக் கட்டினாலும் இப்போது இது பாரம் சுமக்கிறது என்று சொல்லிவிட்டார். சுவருக்குப் பதிலாக ஓர் இரும்பு பீம், அதன் இரண்டு முனையும் உட்கார கான்கிரீட் இருக்கை, தான் வந்து பார்த்துச் சொல்லும்வரை முட்டு நிற்க வேண்டும், அதுவரை கூடத்தில் யாரும் படுக்கக் கூடாது என்று வரைந்து கொடுத்துவிட்டுப் போனார்.

வேலை ஒழுங்காகவே நடந்தது, அதில் பொய் சொல்லக் கூடாது. தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தினார்கள். சுவருக்கு இரண்டு பக்கமும் பலகை போட்டு இவர் முட்டுகளை நிறுத்தினார். சம்மட்டி போடாமல், மேல் வரிசையிலிருந்து ஒவ்வொரு கல்லாகக் கொத்தி எடுத்தார்கள். டிரைவரைப் பக்கத்து வீட்டில் வைத்திருந்தார்கள். மதியச் சாப்பாட்டு வேளையில் இவர் அங்கே போய் அவருக்குத் துணையாக உட்கார்ந்துகொள்வார். நான் கட்டிக்கொடுத்த அவித்த முட்டையை அவருக்கே ஊட்டிவிட்டிருக்கிறார். டாக்டர் முட்டையை நிறுத்தச் சொல்லியிருந்தது இவருக்குத் தெரியாது. டீச்சர் பார்த்துவிட்டுச் செல்லமாகக் கடிந்துகொண்டாராம். பீம் ஏறியது, முனைகளில் கான்கிரீட் போட்டாயிற்று. தூசு அடங்கியதும் டிரைவர் அடம்பிடித்துத் தன் கட்டிலுக்கே திரும்பிவிட்டார். இனிமேல் கான்கிரீட் இறுகக் காத்திருப்பது மட்டும்தான் பாக்கி.

காத்திருப்பது என்றால் கொழுந்தனாருக்கு ஆகவே ஆகாது. அடுத்த சைட்டில் இதே முட்டுகள் தேவைப்பட்டன. அந்த வீட்டுக்காரர்கள் சாமானைக் கட்டிக்கொண்டு உறவினர் வீட்டில் போய் உட்கார்ந்து, கொழுந்தனாரைப் போனிலேயே வறுத்தெடுத்தார்கள். இந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் காய்ச்சலில் படுத்துவிட்டார்.

கொழுந்தனார் வாசலில் நின்றபடியே கேட்டார். "அண்ணே, டீச்சர் வீட்டுல பீம் நல்லா உக்காந்துடுச்சு. முட்ட எடுத்துக்கிட்டுப் போகட்டுமா?"

"வேணாம்டா. இன்ஜினியர் வந்து பாக்கட்டும்."

"சரிண்ணே."

அந்தச் "சரி" எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியாதா? அவர் வண்டி தெருமுனை திரும்புவதற்குள் போனை எடுத்து இவர் கையில் திணித்தேன். "டீச்சருக்கு நீங்களே சொல்லுங்க" என்றேன். அங்கே டீச்சர் ஏதோ வதக்கிக்கொண்டிருந்திருக்கிறார், ஸ்பீக்கரில் போட்டுவிட்டார். இவருக்கோ தொண்டை கட்டிக் குரலே இல்லை.

"டீச்சர், யாரு வந்து கேட்டாலும் முட்ட மட்டும் எடுக்க விட்டுடாதீங்க."

"தெரியுங்க. டாக்டரும் அதேதான் சொல்லியிருக்காரு. இனிமே ஒண்ணுகூட விடமாட்டேன்."

போனை வைத்துவிட்டு இவர் என்னைப் பார்த்தார். "டாக்டர் எதுக்கு இதச் சொல்றாரு?"

"உங்களுக்குக் காது அடைச்சிருக்கு. இன்ஜினியர்னு சொல்லியிருப்பாங்க. படுங்க" என்றேன் நான். என் அறிவை என்னவென்று சொல்ல.

மறுநாள் நடந்ததை டீச்சர் என்னிடம் சொன்னபோது, அவருக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. கொழுந்தனார் ஆட்களோடு வந்திருக்கிறார். "அண்ணனுக்குக் காய்ச்சல் டீச்சர். அவர்கிட்ட சொல்லிட்டேன்" என்றிருக்கிறார். சொன்னது உண்மைதான், பதில் என்ன என்பதைத்தான் விட்டுவிட்டார். டீச்சர் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆட்கள் கூடத்துப் பக்கத்து முட்டைத் தளர்த்தத் தொடங்கினார்கள்.

கட்டிலில் இருந்த டிரைவர் கத்தியிருக்கிறார். "முட்ட... முட்ட... எடு..." முந்தைய நாள் ஸ்பீக்கரில் வந்த பேச்சை அவர் படுத்தபடியே கேட்டிருந்தார். அவருக்கு விஷயம் புரிந்திருந்தது. "எடுக்காதே" என்பதில் பாதிக்கு மேல் வாய் ஒத்துழைக்கவில்லை.

"கிடையாது" என்றார் டீச்சர், கரண்டியைக் கீழே வைக்காமல்.

"முட்ட... எடு..."

"சின்னப் பிள்ளையா நீங்க? எடுத்துத் தரமாட்டேன். முட்ட கூடாதுன்னு அந்த முட்டுக்காரரே போன் பண்ணிச் சொல்லி..."

அந்த வார்த்தை தன் வாயிலிருந்தே விழுந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. முட்டுக்காரர் எதற்காக முட்டையைப் பற்றிப் பேச வேண்டும்? "ஆயிரம் பிள்ளைங்களுக்கு வேற்றுமை உருபு சொல்லிக்கொடுத்தவ நான், முட்டோட ஐ சேந்தா என்ன ஆகும்னு எனக்கே தெரியலியே" என்றார் என்னிடம். அவர் வாயைத் திறந்து தடுப்பதற்குள் மேலே கடகடவென்று ஒரு சத்தம். பீம் ஒரு முனையில் சற்றே இறங்கியது. தளத்திலிருந்து பூச்சு பாளமாகப் பெயர்ந்து டிரைவரின் தலையணைமேல் விழுந்தது. அதற்குச் சற்று முன்னால்தான் கொழுந்தனார் பாய்ந்து, தலையணை தரையில் நழுவ, அந்தக் கட்டிலை இழுத்திருக்கிறார். அதன்பிறகு அவரே முட்டை நிமிர்த்தித் திருகி நிறுத்தினார்.

சேதி வந்ததும் இவர் போர்வையை உதறிவிட்டு எழுந்தார். சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. நானும் கூடவே போனேன். எங்களுக்கு முன்பே இன்ஜினியர் அம்மா வந்துவிட்டார். மாடிக் குளியலறையில் விரிசல் விட்டிருந்ததைப் பார்த்துவிட்டு இறங்கியவர், கூடத்தின் நடுவில் நின்று கேட்டார்.

"முட்டை யார் எடுக்கச் சொன்னது? அவர் இனிமே என் வேலை எதுலயும் கால் வைக்கக் கூடாது."

கொழுந்தனார் தன் அண்ணனைப் பார்த்தார். எத்தனையோ வருஷமாக நான் பார்த்து அலுத்த பார்வை அது. இவருடைய உதட்டில் "நான்தாங்க" வந்து நிற்பது எனக்குத் தெரிந்தது. இந்த முறை அதைச் சொன்னால் ஏச்சோடு போகாது, தொழிலே போய்விடும். இன்ஜினியர் சொன்னால் ஊரில் ஒருத்தரும் கூப்பிட மாட்டார்கள். சொல்லிவிடாதீர்கள் என்று நான் மனதுக்குள் மன்றாடினேன்.

இவர் தலையணைமேல் கிடந்த அந்தப் பாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்.

"நான் வேணாம்னு சொல்லியிருந்தேங்க. தம்பிதான் எடுத்தான்."

கொழுந்தனார் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

கல்யாணமான நாளிலிருந்து நான் கேட்க ஏங்கிய சொல் அது. என் வயிறு குளிர்ந்திருக்க வேண்டும். குளிரவில்லை. வீட்டுக்கு வந்து இவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் படுத்துக்கொண்டார். காய்ச்சல் விட்ட பிறகும் சரியாகச் சாப்பிடவில்லை. வண்டிச் சத்தம் கேட்டால் ஜன்னலைப் பார்ப்பார், அது வேறு யாருடைய வண்டியாகவோ இருக்கும். எனக்கும் அலுப்பாக இருந்தது. திட்டுவதற்குக்கூட வீட்டில் ஆள் இல்லாமல் போயிற்று.

பீமைத் தூக்கிச் சரிசெய்து, முனைக்குப் புதிதாகக் கான்கிரீட் போட்டு, அது இறுகும்வரை இந்த முறை எல்லோரும் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தோம். டிரைவரும் அடம்பிடிக்காமல் பக்கத்து வீட்டிலேயே இருந்தார். இன்ஜினியர் அம்மா வந்து பார்த்து, எடுக்கலாம் என்றார். முட்டு எடுப்பது இரண்டு பேர் வேலை. இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் நின்று, ஒரே நேரத்தில் கால் சுற்று தளர்த்தி, நிறுத்தி, மேலே காது கொடுத்துக் கேட்டு, மறுபடி கால் சுற்று. எந்த வீடானாலும் எதிர்ப்பக்கம் நிற்பது தம்பிதான். காலையில் இவர் கிளம்பி வாசலிலேயே வெகுநேரம் நின்றார்.

"வாங்க, நான் வரேன்" என்றேன்.

டீச்சர் வீட்டில் நான் எதிர்ப்பக்கம் நின்றேன். "கால் சுத்து" என்பார், திருகுவேன். "நிறுத்து" என்பார், நிறுத்துவேன். தளம் முனகவில்லை. ஒவ்வொரு முட்டாக எடுத்துச் சுவரோரம் சாய்த்தோம். கடைசியாக ஒன்று மிச்சமிருந்தபோது தேநீருக்காக நிறுத்தினோம். டிரைவரைச் சக்கர நாற்காலியில் வாசல்வரை கொண்டுவந்திருந்தார்கள். அடுப்பருகே நின்ற டீச்சருக்கு அவர் முகம் தெரிந்தது. அவர் இடக்கையைத் தூக்கிக் காட்டி, "முட்ட" என்றார்.

"எந்த முட்ட?" என்றார் டீச்சர், கடைசி முட்டை ஒரு தரம் பார்த்துக்கொண்டு.

அவர் அடுப்பிலிருந்த வாணலியைக் காட்டினார். டீச்சர் சிரித்துவிட்டார். "வெள்ளைக்கரு மட்டும்தான், பேராசைப்படக் கூடாது" என்றார்.

இவர் சிரிக்கவில்லை. தன் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நான் நின்ற பக்கத்தையே பார்த்தார். "அவன் நின்னா நான் வாயத் திறந்து சொல்லவே வேணாம். என் மூச்ச வச்சே திருகுவான்" என்றார்.

"அதுக்கென்ன இப்ப?" என்று சொல்லத்தான் நான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு. "கட்டில முதல்ல இழுத்தது அவருதானே. ஓடிப்போகலயே. அந்த சைட்டுக்காரங்களும் தலைமேல ஏறி உக்காந்திருந்தாங்க. அவசரப்பட்டுட்டாரு, அவ்வளவுதான். மனசு கெட்டது இல்ல."

இவர் டம்ளரைக் கீழே வைத்தார். "யாரு, நீயா? நீயா அவனுக்கு முட்டுக் கொடுக்கற?"

எனக்கு முகமெல்லாம் சுட்டது. எழுந்து வாசலுக்குப் போய், தூசுக் கையாலேயே கொழுந்தனாருக்குப் போன் போட்டேன். எடுத்தார்.

"தம்பி, கடைசி முட்டு இன்னும் நிக்குது" என்றேன். "நீங்க வந்தாத்தான் எடுப்பேன்னு அண்ணன் அடம்பிடிக்கிறாரு. இன்ஜினியர் அம்மாகிட்ட நான் பேசிக்கறேன். வாங்க."

இவர் அப்படிச் சொல்லவே இல்லை.