ஆறு வருஷத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மலையேறியது

பொன்முடிக்குப் போக வேண்டும், எங்கே தங்கலாம், எவ்வளவு ஆகும் என்று மூன்று நான்கு பேர் கேட்டு எழுதியிருக்கிறீர்கள். பொன்முடி பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். அதே வழியில் வித்துரா வரை போய், அங்கிருந்து வேறு பக்கம் ஏறினால் வரும் ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு 1981 ஜூன் மாதம் நான் போய் வந்ததைச் சொல்கிறேன். தோட்டத்தின் பெயர் வேண்டாம். இதைப் படித்துவிட்டு உற்சாகமாகப் பை கட்டுவீர்கள் என்று எதிர்பார்க்கவும் இல்லை.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. நகரத்தில், ஆரியசாலைக் கடைத்தெருவில் ஒரு பலசரக்கு மொத்தக் கடையில் பில் எழுதிக்கொண்டிருந்தேன். கடைக்கு மேலே ஓர் அறையில் திருநெல்வேலிக்காரர்கள் ஐந்து பேர் பாய் விரித்துக்கொள்வோம். என் அம்மாவின் தங்கை பேச்சியம்மாள் அந்தத் தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார். சித்தப்பா இறந்து பல வருஷமாகிவிட்டது. ஒரே மகள் செல்வி, பதினாறு வயது. வித்துராப் பள்ளியில் மலையாளத்தில் படித்து, அந்த வருஷம் பத்தாம் வகுப்பில் முதல் வகுப்பு வாங்கியிருந்தாள். டீச்சர் வேலைக்குப் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை.

அவள்தான் கார்டு எழுதியிருந்தாள். ஜூன் முடிவோடு அம்மாவுக்கு ஐம்பத்தெட்டு ஆகிறது, வேலையை விட்டு நிற்கச் சொல்லிவிட்டார்கள், நின்றால் லயத்து அறையைக் காலி செய்ய வேண்டும் என்று. லயம் என்பது ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகப் பத்து அறை, அறைக்கு ஒரு குடும்பம். குடும்பத்தில் இன்னொருவர் தோட்டத்தில் பேர் பதிந்தால் மட்டும் அறை கையில் நிற்கும். சித்தி வீட்டில் இன்னொருவர் என்றால் செல்விதான்.

ஆனால் சித்திக்கு உண்மையில் ஐம்பத்திரண்டுதான். பன்னிரண்டு வயதில் தாத்தாவோடு மலையேறியவர். சின்னப்பிள்ளை என்று எழுதினால் அரைப் பேர், அதாவது அரைக் கூலி. பதினெட்டு என்றால் முழுப் பேர். சித்தி வளர்த்தியான பிள்ளை. தாத்தா பதினெட்டு என்றார், கங்காணி தலையாட்டினார், எழுதிவிட்டார்கள். அந்த லயங்களில் அநேகமாக எல்லா வீட்டிலும் அப்படித்தான் செய்திருக்கிறார்கள். அன்றைக்கு அரிசிக்காகக் கூட்டிய ஆறு வருஷத்தை இன்றைக்குத் திரும்பக் கேட்கிறார்கள்.

நான் லீவு போட்டு ஊருக்குப் போய், தாலுகா ஆபீசில் இரண்டு நாள் நின்று, சித்தியின் பிறப்புப் பதிவு நகலை வாங்கிவிட்டேன். செல்விக்குப் பத்தாவதுக்கு மேல் பிரி டிகிரி இரண்டு வருஷம், டீச்சர் டிரெயினிங் இரண்டு வருஷம், மொத்தம் நாலு. சித்தி வேலையில் நீடிக்க என் சட்டைப்பையில் ஆறு இருந்தது. அந்தப் பெருமையோடுதான் புறப்பட்டேன்.

நகரத்துத் தம்பானூர் பஸ் நிலையத்தில் காலை ஐந்து நாற்பதுக்கு பஸ். நெடுமங்காடு வழியாக வித்துரா சுமார் நாற்பது கிலோமீட்டர், டிக்கெட் மூன்று ரூபாய் இருபது காசு. ஏழரைக்கு இறங்கினேன். சந்தைக்கு எதிரே புட்டும் கடலையும் ஒரு ரூபாய் பத்துக் காசு, சாயா முப்பத்தைந்து காசு. அங்கிருந்து தோட்டத்துக்கு ஜீப்தான், பதினான்கு கிலோமீட்டர், ஆளுக்கு ஐந்து ரூபாய். பதினொரு பேர் சேர்ந்தால்தான் எடுப்பார்கள். அன்றைக்குப் பதினொன்றாவது ஆள் எட்டே முக்காலுக்கு வந்தார். மழை விடவே இல்லை.

டிரைவர் சுகுமாரன் பேச்சுக்காரர். வளைவில் ஒற்றையடிப் பாதை ஒன்று காட்டுக்குள், காணிப் பழங்குடியினர் குடியிருப்புக்கு, போவதைக் காட்டினார். "அது காணிக்காருடெ ஸ்தலம். மேலே உங்க தமிழர். ரெண்டு கூட்டரும் ஒரே கடையில உப்பு வாங்கும். தம்மில் ஒண்ணும் பேசில்லா."

"ஏன்?"

"அவனுக்குத் தோணும் இவனுக்கு சம்பளம் உண்டுன்னு. இவனுக்குத் தோணும் அவனுக்கு கவர்மென்ட் உண்டுன்னு." இரண்டு பேருக்கும் என்ன உண்டு என்று நான் கேட்கும்போது அவர் பிரேக்கை மிதித்தார். சாலையில் கல் சரிந்து கிடந்தது.

சித்தியின் அறை நீளத்தில் பன்னிரண்டு அடி, அகலத்தில் பத்து. ஒரு மூலையில் அடுப்பு, ஒரு மூலையில் விறகு. தகரக் கூரையில் மழை விழும் சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டும். நகலை நீட்டினேன். சித்திக்குப் படிக்கத் தெரியாது.

"அதுல பொறந்த நாளு போட்டிருக்காய்யா?" என்று கேட்டார்.

"ஆகஸ்ட் இருபது, சித்தி."

"ஆவணி" என்று சித்தி சொல்லிக்கொண்டார். ஐம்பத்திரண்டு வயதில் அன்றைக்குத்தான் அவருக்குத் தன் பிறந்த நாள் தெரிந்தது. செல்வி அதை வாங்கி இரண்டு முறை வாசித்துவிட்டுச் சிரித்தாள். அந்தப் பயணத்தில் நான் பார்த்த ஒரே சிரிப்பு அது.

பதினொரு மணிக்கு சித்தியும் நானும் தோட்டத்து ஆபீசுக்குப் போனோம். கிளார்க் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நகலைப் படித்தார். மலையாளி, நல்ல மனுஷன், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து மெதுவாகச் சொன்னார்.

"இது சரியாணெங்கில், இவங்க சேரும்போது பன்னெண்டு வயசு. பன்னெண்டு வயசுக்காரிக்கு முழுப் பேரு இல்லா. அந்த ஆறு வருஷ சர்வீஸ் போகும். பொய் வயசு சொல்லிச் சேர்ந்ததுன்னு மேலே எழுதினா கிராஜுவிட்டி போகும், ரூமும் ஒடனே போகும். நாப்பது வருஷம் வேலை செஞ்சவங்க, சும்மா எறங்கிப் போகணும். மனசிலாயோ?"

"சங்கத்தில் சொல்லிப் பார்க்கலாமே?" என்றேன்.

சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டார். "வேண்டாம்யா. என் வயசக் கெளறினா இந்த மலையில எல்லாரு வயசையும் கெளறுவாவ. பத்து லயம் இருக்கு."

கிளார்க் நகலை மடித்து என் பையிலேயே வைத்தார். "ஞான் இது கண்டிட்டில்லா" என்றார். ஆபீஸ் படி இறங்கும்போது சித்தி என்னிடம் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். உண்மையைக் கொண்டுபோய்க் காட்டினால் போதும் என்று நினைத்த மடையன் நான்.

மத்தியானம் செல்வி காணிக்குடிக்குப் போக வேண்டும் என்றாள். அவளோடு படித்த சாந்தா அங்கேதான் இருக்கிறாள். பிரி டிகிரியில் சேர இருவரும் மறுநாள் ஒன்றாக நகரத்துக்குப் போவதாகப் பேச்சு. வரவில்லை என்று சொல்ல வேண்டும். நானும் கூட நடந்தேன். மூன்று கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். அட்டைக்கு உப்பும் புகையிலையும் கட்டிய துணியை செல்வி என் காலில் தேய்த்துவிட்டாள்.

சாந்தாவின் அப்பா மாத்தன் காணி ஈற்றை பிளந்துகொண்டிருந்தார். மூங்கில் மாதிரி மெல்லிய காட்டுப்புல், கூடை முடைய, சுவர் கட்ட எல்லாவற்றுக்கும் அதுதான். வீடு சித்தியின் அறையைவிடப் பெரியது, கூரை மட்டும் ஓலை. சுற்றிலும் மரச்சீனி என்கிற மரவள்ளி, மிளகுக் கொடி. பார்த்தவுடன் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. ஆபீசிலிருந்து திரும்பும் வழியில் சித்தி முணுமுணுத்த கணக்கும் மனதில் ஓடியது: சாந்தா தட்டுத் தடுமாறித் தேறியவள், ஆனால் பழங்குடி என்று சர்ட்டிபிகேட் இருக்கிறது, நகரத்தில் சர்க்கார் ஹாஸ்டல், மாதம் உதவிப் பணம். செல்வி முதல் வகுப்பு. எங்கள் சாதிக்குத் திருநெல்வேலியில் சலுகை உண்டு. ஆனால் பிறந்தது இங்கே, அங்கே போய்க் கேள் என்று ஊரில் சொல்கிறார்கள். வந்தேறிக்கு இங்கே இல்லை, ஊரில் போய்க் கேள் என்று வித்துராவில் சொல்கிறார்கள்.

மாத்தன் காணி எங்களுக்குச் சுட்ட மரச்சீனி கொடுத்தார். நிலம் எவ்வளவு என்று கேட்டேன்.

"நெலமா? இது எனக்க அப்பன் வெட்டுன காடு. பட்டா கடலாசு இல்ல. பாரஸ்டு கார்டு வந்து எறங்குன்னு சொன்னா எறங்கணும். நல்லமிளகு கொண்டு போனா கடைக்காரன் சொல்லுகது தான் எடை. உங்க ஆளுவளுக்கு சனியாழ்ச்ச அரிசி வரும். டிஸ்பென்சரி உண்டு. எனக்க மூத்த பயலுக்குக் காய்ச்சல் வந்து, வித்துராவுக்குச் சொமந்துகிட்டுப் போனோம். பாதி வழியில போயிட்டான்."

தோட்டத்து டிஸ்பென்சரி அங்கிருந்து மூன்று கிலோமீட்டர். ஏன் அங்கே கொண்டு போகவில்லை என்று கேட்டேன். அது தோட்டத்தில் பேர் உள்ளவர்களுக்குத்தான் என்றார். மருந்துக்காரர் பார்க்க மாட்டேன் என்று சொன்னாரா என்றால், அதுவும் இல்லை. கேட்டதே இல்லையாம். நாற்பது வருஷமாக எங்கள் ஆட்களும் அவர்களும் அடுத்தடுத்து இருந்தும், அதைக் கேட்கலாம் என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை.

சாந்தாவுக்கு எத்தனை வயது என்று பேச்சுக்குக் கேட்டேன். "ஈற்ற பூத்த கொல்லம் பொறந்தா" என்றார் அவர், ஈற்றை பூத்த வருஷம் பிறந்தாள் என்று. பள்ளியில் சேர்க்கும்போது சார் பல்லைப் பார்த்து ஒரு தேதி எழுதினாராம். அவர்களுக்கு வயதைக் கூட்டவும் தேவை இல்லை, குறைக்கவும் தேவை இல்லை. அந்த ஒன்றில்தான் அவர்கள் எங்களைவிட வசதி என்று எனக்குப் பட்டது.

செல்வி சாந்தாவைத் தனியாகக் கூப்பிட்டுப் போய்ப் பேசினாள். திரும்பும்போது அவள் கொண்டுவந்த குடை கையில் இல்லை. நகரத்தில் சாந்தாவுக்குத்தான் வேண்டும், எனக்குக் கொழுந்துக்குப் போகக் கொங்காணி இருக்கிறது என்றாள். தலையில் போட்டுக்கொள்ளும் சாக்குத்தான் கொங்காணி.

மறுநாள் காலை ஏழு மணிக்கு விண்ணப்பத் தாளை சித்தி என் முன்னால் வைத்தார். நிரந்தரப் பேர் பதிய வயது பதினெட்டு ஆகியிருக்க வேண்டும். பள்ளிப் புத்தகம், அதாவது பிறந்த தேதியும் மார்க்கும் உள்ள சான்றிதழ், இருந்தால் சேர்த்து வைக்க வேண்டும். செல்வியின் பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் பதினாறு என்று இருக்கிறது.

"நாலாங் கிளாஸுன்னு எழுதுய்யா" என்றார் சித்தி. "நாலு வரைக்கும் தோட்டத்து ஸ்கூலு. அதுக்குப் புஸ்தகம் கேக்க மாட்டாவ."

நான் செல்வியைப் பார்த்தேன். "நீயே எழுதேன்" என்றேன். கோழைத்தனம்தான், வேறென்ன.

"என் எழுத்து நல்லாருக்கும்ணே. சந்தேகப்படுவாவ" என்றாள்.

எழுதினேன். வயது பதினெட்டு. படிப்பு நான்காம் வகுப்பு. கீழே அவள் கையெழுத்துப் போட வேண்டும். பேனாவைக் குத்துவது மாதிரி பிடித்துக்கொண்டு, எழுத்துக்கூட்டிப் படிக்கிறவளைப் போல ஒவ்வொரு எழுத்தாகக் கோணலாகப் போட்டாள். அதற்கு முன் ஒரு பழைய தாளில் இரண்டு முறை எழுதிப் பழகியும் பார்த்திருந்தாள். பள்ளிப் புத்தகத்தையும், சித்தியின் பிறப்பு நகலையும் சேர்த்து அரிசி டின்னில் அடியில் வைத்தார்கள்.

இரண்டு பேரையும் நகரத்துக்குக் கூட்டிப் போகிறேன், ஒரு அறை பார்க்கிறேன் என்று நான் சொல்லியிருக்கலாம். என் சம்பளம் நூற்றெண்பது ரூபாய், ஊருக்கு அனுப்ப வேண்டும், அது இது என்று காரணம் நிறைய இருந்தது. உண்மை என்னவென்றால் நான் வாயைத் திறக்கவில்லை. அவர்களும் கேட்கவில்லை.

ஒன்பது மணி ஜீப்பில் இறங்கினேன். வளைவில் மாத்தன் காணியும் சாந்தாவும் தகரப் பெட்டியோடு ஏறினார்கள். சாந்தா செல்வியின் குடையை விரிக்காமல் மடியில் வைத்திருந்தாள். தம்பானூரில் அவர்களை ஹாஸ்டலுக்குப் போகும் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, கடைக்கு இரண்டரைக்குப் போனேன். போகவர மொத்தச் செலவு இருபத்தோரு ரூபாய்.

சாந்தா படிப்பை முடித்தாள். அங்கன்வாடியில் வேலை பார்த்தாள். அவள் அப்பாவுக்கு நிலத்துக்குக் காகிதம் கடைசி வரை கிடைக்கவில்லை. சித்தி போய்ச் சேர்ந்துவிட்டார். தோட்டத்துத் தொழிற்சாலை நின்று வருஷங்களாகிறது. செல்வி அதே அறையில்தான் இருக்கிறாள், கூரை இரண்டு இடத்தில் ஒழுகுகிறது.

போகிறவர்களுக்கு: பஸ், ஜீப் நேரங்களை இப்போது விசாரித்துக்கொள்ளுங்கள், நான் சொன்னவை பழையவை. ஜூன், ஜூலையில் போகாதீர்கள். அட்டைக்கு உப்பு கையில் இருக்கட்டும். காணிக்குடிக்கு அனுமதி இல்லாமல் நுழைய வேண்டாம். லயத்து வாசலில் நின்று படம் எடுக்க வேண்டாம், உள்ளே ஆட்கள் குடியிருக்கிறார்கள். எழுதத் தெரிந்தவர் என்று யாராவது ஒரு தாளை நீட்டினால் என்ன செய்வது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நீங்களும் எழுதித்தான் கொடுப்பீர்கள்.

இதை எழுத உட்காரும் முன் செல்விக்குப் போன் செய்தேன். சரிபார்த்துக்கொள்ளலாம் என்று, இப்போது உனக்கு எத்தனை வயது என்று கேட்டேன்.

"எந்த வயசுண்ணே?" என்றாள்.