காரணம் எழுதும் கட்டம்

என் அலுவலக மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு தாள் இருக்கிறது. மேலே 'ஒப்பீட்டுப் பட்டியல்' என்ற தலைப்பு, கீழே மூன்று கடைகளின் விலைப்புள்ளிகள், கடைசியில் அகலமாக ஒரு கட்டம். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் அதை ஏதோ பழைய உத்தரவு என்று நினைத்துக்கொள்கிறார்கள். எங்கள் கண்காணிப்பாளர் மேடம், ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்கள் முன்பு, தன் வீட்டுக்குக் கணினி வாங்குவதற்காகப் போட்ட பட்டியல் அது. அதுவும் விளையாட்டுகள் ஓடுகிற ஆல்-இன்-ஒன் கணினி.

தட்டச்சு செய்தது நான்தான். பிரிண்டரில் சிக்கிய தாளைக் கிழியாமல் இழுக்கத் தெரியும் என்ற ஒரே தகுதியில் தல்லாகுளத்து அலுவலகம் முழுமைக்கும் நானே கணினி நிபுணர். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. கோப்பைத் தவிர வேறெதையும் பற்றிப் பேசாத மேடம் ஒரு நாள் மதியம் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே, "ஏம்மா, பஸ் ஓட்டுற கேமு ஓடணும்னா எந்தக் கம்ப்யூட்டர் வாங்கலாம்?" என்று கேட்டபோது எனக்குப் புரையேறிவிட்டது.

விளையாட்டு மேடத்துக்கு இல்லை, அவர் கணவருக்கு. பல வருடம் மதுரைக்கும் டி. கல்லுப்பட்டிக்கும் பேருந்து ஓட்டியவர். சர்க்கரை வியாதியில் பாதம் மரத்துப்போய், பிரேக்கை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதே தெரியாமல் போனபோது, யாரும் சொல்வதற்கு முன்பே தானாகப் போய் "இனிமே நான் ஓட்டக் கூடாது" என்று சொல்லிவிட்டு வந்தவர். அதன்பிறகு வாசலறை நாற்காலியில் உட்கார்ந்து, ஹாரன் சத்தத்தை வைத்தே எந்த வண்டி போகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். கொஞ்ச நாளில் அதையும் சொல்வதை நிறுத்திவிட்டார். ஒரு முறை பக்கத்து வீட்டுக்காரர் தன் லேப்டாப்பில் பேருந்து ஓட்டும் விளையாட்டைக் காட்டியிருக்கிறார். அதில் யாரோ நம் பக்கத்துப் பேருந்துகளையும் சாலைகளையும்கூடச் செய்து வைத்திருந்தார்களாம். அன்றைக்கு மனிதர் வீட்டுக்கு வந்து அரை மணி நேரம் ரோட்டைப் பற்றியே பேசினார் என்று மேடம் சொன்னார். அந்தப் பேச்சை வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை.

கடைகளில், "கேமுக்கு சிபியூ பெட்டி தனியா இருக்கறதுதான் நல்லது மேடம்" என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். மேடம் அசையவில்லை. "தரையில ஒரு வயரு கெடக்கக் கூடாது தம்பி. அவருக்குக் கால்ல தடுக்குனாலும் தெரியாது, காயம் பட்டாலும் தெரியாது." திரைக்குள்ளேயே எல்லாம் அடங்கிய கணினி, சுவருக்குப் போகும் ஒரே வயர், மேசையில் பொருத்துகிற ஸ்டீயரிங், பெடலுக்குப் பதில் அதிலேயே பட்டன். நிபந்தனைகளை எழுதி, அலுவலகத்துக்கு நாற்காலி வாங்குவதுபோல மூன்று கடைகளில் விலைப்புள்ளி வாங்கினார். மூன்று பேருமே 'கேம் ஓடும்' என்று எழுதியிருந்தார்கள். விலை கூடிய ஒருவர் மட்டும் 'கிராஃபிக்ஸ் கார்டு தனியாக உண்டு' என்று ஒரு வரி சேர்த்திருந்தார். நிபுணராகிய நான் அதை ஏதோ அலங்காரம் என்று நினைத்துவிட்டேன்.

எங்கள் பிழைப்பில் ஒரே விதிதான். நிபந்தனைக்கு உட்பட்டவற்றில் குறைந்த விலைப்புள்ளி எதுவோ அதை ஏற்க வேண்டும். ஏற்காவிட்டால் கடைசிக் கட்டத்தில் காரணம் எழுத வேண்டும். மேடத்தின் சர்வீஸ் முழுக்க அந்தக் கட்டத்தில் ஒரு சின்னக் கோடுதான் இருந்திருக்கிறது. "சொந்தக் காசுன்னா மட்டும் விதியை மாத்திக்கலாமாம்மா?" என்று கேட்டு, குறைந்ததையே வாங்கினார்.

கணினி வந்த ஞாயிற்றுக்கிழமை நானும் போயிருந்தேன். திரையின் விளிம்பில் சந்தனமும் குங்குமமும், ஸ்டீயரிங்குக்கு முன்னால் ஒரு எலுமிச்சம்பழம். ஐயா சலவைச் சட்டை போட்டு உட்கார்ந்தார். பேருந்து கிளம்பியது, நின்றது, ஒரு தாவு தாவியது, மறுபடி நின்றது. திருப்பத்தில் அவர் ஒடித்து வெகுநேரம் கழித்துத்தான் வண்டி திரும்பியது. அவர் பொறுமையாகக் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு மேடத்தைப் பார்த்து, "நல்லாருக்கு. நல்லா ஓடுது" என்றார். நான் அதை நம்பிக்கொண்டு கேசரி சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

மறுநாள் மேடம் கோப்பைத் திறக்கவே இல்லை. "கட்டிக்கிட்ட நாள்ல இருந்து இந்த மனுசன் ஒரு வண்டியையும் நல்லாருக்குன்னு சொன்னதில்லம்மா. பிரேக்கு சரியில்ல, சீட்டு சரியில்லன்னு தெனம் ஒரு குறை சொல்லிட்டுத்தான் சாப்பிடவே உக்காருவாரு. நேத்து நல்லாருக்குன்னாரே" என்றார். அவ்வளவு வெட்கமாக எனக்கு அதற்கு முன் இருந்ததில்லை. அந்த அலங்கார வரியை எழுதிய கடைக்கு மாலையே போய் நடந்ததைச் சொன்னேன். கடைக்காரர் சிரித்தார். "அந்தக் கார்டு இல்லன்னா வண்டி தாவத்தாங்க செய்யும். ஒரு ட்ரிப் ஓட்டிப் பாக்காம எந்த டிரைவருங்க வண்டியை எடுப்பாரு? அண்ணனைக் கூட்டிட்டு வாங்க."

ஆட்டோவில் கூட்டிப்போனோம். கடை நடுவில் உட்கார்ந்து ஐயா திருமங்கலம் வரைக்கும் ஓட்டினார். மரங்கள் தாவாமல் பின்னால் போயின. வண்டியை ஓரங்கட்டிவிட்டுத் திரும்பினார். "ஸ்டீயரிங் வலது பக்கமா இழுக்குது. ஹாரன் சத்தமும் பத்தல. இம்புட்டுப் பெரிய வண்டிக்கு இதா ஹாரன்?" மேடத்தின் கண் நிறைந்துவிட்டது. "இதையே எடுத்துருவோம்" என்றார்.

முதல் கணினி மேலூரில் இருக்கும் தங்கை மகளின் படிப்புக்குப் போனது. புதிய பட்டியல் ஒன்று அடிக்கச் சொன்னார் மேடம். சொந்தப் பொருளுக்கு எதற்கு என்றேன். "கோப்பு முடியணும்ல" என்று சொல்லி, கடைசிக் கட்டத்தை மட்டும் தன் கையால் நிரப்பினார்.

இன்று அவர் நாற்காலியில் நான் இருக்கிறேன். போன வாரம் அவர்கள் வீட்டுக்குப் போனபோது ஐயா கல்லுப்பட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அடுப்படியிலிருந்து மேடம் "போலாம் ரைட்!" என்று குரல் கொடுத்தார். என்னைக் கண்டதும் ஐயா, ரோட்டில் புதிதாக மாடுகளை விட்டிருக்கிறார்கள் என்று கால் மணி நேரம் திட்டினார். காபி ஆறிப்போனது, எனக்கு நிறைவாக இருந்தது.

இங்கே வருகிற பட்டியல்களில் கடைசிக் கட்டத்தில் அந்தச் சின்னக் கோடுதான் இருக்கிறது. பெரும்பாலும் அதுவே சரி. ஆனாலும் கையெழுத்துப் போடும் முன் ஒரு தடவை கண்ணாடிக்கு அடியில் பார்த்துக்கொள்வேன். மேடத்தின் உருண்டையான எழுத்து அப்படியே இருக்கிறது: 'குறைந்த விலைப்புள்ளியை ஏற்காததற்குக் காரணம்: அதை ஏற்றபோது, நன்றாக இருப்பதாக அவர் என்னிடம் பொய் சொன்னார்.'