ஊசி போடுமிடத்தில் ஒரு மொழிபெயர்ப்பு

பயணச்சீட்டு விற்றவர் தந்த தாளில் எல்லாம் ஒழுங்காக எழுதியிருந்தது. கடவுச்சீட்டு இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். விசா வேண்டும். புறப்பட முன் தடுப்பூசி, மலேரியாக் குளிசை. முதலிரண்டும் அப்பாவின் பொறுப்பு. ஊசி என் பொறுப்பு. எனக்குப் பத்து வயது.

அம்மா ஒஸ்லோவுக்கு வந்து நாலு வருடமாகியும், வேலை செய்த சலவைக்கூடத்தில் சுற்றிவரத் தமிழர்கள் என்பதால், அவருடைய நோர்வே மொழி காலநிலையைத் தாண்டவில்லை. நானோ வகுப்பில் சத்தமாக வாசிப்பவள். ஆகவே எங்கள் வீட்டின் வெளிவிவகார அமைச்சர் நான்தான்.

யாழ்ப்பாணத்தில், எங்கள் ஊரில், போர் ஓய்ந்து பாதை திறந்திருந்த காலம். சித்திக்குக் கல்யாணம். ஒரு மாதமாக அம்மா வேறெதுவும் கதைக்கவில்லை.

ஊசி போடுமிடத்தில் தாதி முதலில் என் இரண்டு கையிலும் குத்தினார். பிறகு அம்மாவிடம் கேட்கச் சொல்லிப் படிவத்தை வாசித்தார். காய்ச்சல் உண்டா, மருந்து ஏதும் ஒத்துக்கொள்ளாதா என்று நீண்டது. ஒரு கேள்வி எனக்கு விளங்கவேயில்லை. கை வலித்த கோபத்தில் அம்மாவைக் கேட்காமலே எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். தெரியாது என்று சொல்வது அமைச்சருக்கு அழகல்ல.

தாதி மருந்தை ஏற்றினார். சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டிருந்த அம்மா பாதியில் நிறுத்தினார்.

“பிள்ளை, நான் முழுகாமல் இருக்கிறன் எண்டு சொல்லு.”

வயிற்றில் பிள்ளை தங்கியிருப்பதை யாழ்ப்பாணத்துப் பெண்கள் அப்படித்தான் சொல்வார்கள். எனக்குத் தெரிந்த முழுக்கு, சனிக்கிழமை எண்ணெய் வைத்து முழுகுவது மட்டுமே.

“அதை ஏனம்மா இவைக்கு?”

“சொல்லெண்டால் சொல்லு.”

அம்மா குளிக்கவில்லையாம் என்றேன். தாதி சிரித்தார். ஸ்பிரிற் பூசித்தானே போடப்போகிறேன் என்றார்.

“அது பரவாயில்லையாம், அம்மா.”

“வடிவாச் சொன்னனியோ?”

“ஓம், சொன்னனான்.”

அம்மா என்னைப் பார்த்தார், ஊசியைப் பார்த்தார். பஞ்சு கையைத் துடைத்தது. ஊசி தோலைத் தொட ஒரு விரற்கடை இருக்கும்போது கையை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டார்.

“ரெண்டு மாசமா முழுகேல்லை எண்டு சொல்லு.”

காலையில் அம்மா குளித்து முடியும்வரை குளியலறைக் கதவைத் தட்டித் தட்டி நின்றவள் நான். அம்மாவுக்கு ஊசிப் பயம், அதற்காகப் பொய் சொல்கிறார் என்று முடிவு கட்டினேன். நிலத்தைப் பார்த்தபடி இரண்டு மாதம் என்றேன். தாதி இம்முறை சிரிக்கவில்லை. நான் நிமிர்ந்தபோது அம்மாவின் உள்ளங்கை அடிவயிற்றின் மேல் இருந்தது. தாதி ஊசியைத் தட்டில் வைத்தார். என்னை வெளியே அனுப்பிவிட்டு, தொலைபேசியில் வேறொரு மொழிபெயர்ப்பாளரைப் பிடித்தார். எனக்கு அது பெரிய அவமானம்.

அரை மணியால் அம்மா வெளியே வந்தார். மலேரியா உள்ள இடத்துக்கு இப்போது போக வேண்டாமாம். அவ்வளவுதான் சொன்னார். கல்யாணம் இல்லை. குத்து வாங்கிய என் இரண்டு கையும் வீண்.

தெரிந்தால் பயணம் நின்றுவிடும் என்று அப்பாவிடம்கூட அவர் வாய் திறந்திருக்கவில்லை என்பது எனக்குப் பின்னாளில்தான் தெரிந்தது. ஊசியைக் கண்டதும், தங்கையின் கல்யாணம் போனாலும் போகட்டும் என்று, உலகத்தில் முதலில் என்னிடம்தான் அதைச் சொன்னார். நான் கேட்டது குளியலறைச் செய்தி.

வீட்டுக்கு, எல்லிங்ஸ்ருட் போகும் பஸ்ஸில் அம்மா யன்னலோரமாக இருந்து, பக்கத்து இருக்கையைக் கையால் தட்டிக் காட்டினார். நான் மூன்று வரிசை தள்ளிப் போய் உட்கார்ந்தேன்.