வெள்ளைக் கவுனும் மஞ்சள் ஸ்லைமும்

என் மேஜை மேல் என் வகுப்புப் பாப்பா ஒருத்தியின் அம்மா விரித்துப் போட்ட வெள்ளைக் கவுன் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. நெஞ்சிலிருந்து மடி வரை திட்டுத் திட்டாகச் சிவப்பு. "இதான் உங்க இயற்கைக் கலரா மிஸ்?" என்று கேட்டார்.

பட்டாபிராமில் ஒரு சின்ன மழலையர் பள்ளியில் நான் மிஸ்ஸாகச் சேர்ந்த புதிது அது. வெள்ளிக்கிழமை என்றால் பிள்ளைகள் கையை அளைந்து விளையாட ஸ்லைம் செய்வேன். வெள்ளைப் பசையில் கொஞ்சம் ஆப்ப சோடா, கண்ணில் வைக்கும் லென்ஸைக் கழுவுகிற நீர், அவ்வளவுதான். பிசையப் பிசைய ரப்பர் போல இழுபடும். கடைக் கலர் சட்டையில் ஒட்டுகிறது என்று பெற்றோர் முணுமுணுத்தார்கள். நான் பெரிய மேதாவி மாதிரி, இயற்கைக் கலர் என்று சொல்லிச் சமையல் மஞ்சளைக் கொட்டினேன். மஞ்சளில் சோப்புப் பட்டால் சிவக்கும் என்று ஆரத்தி கரைக்கிற வீட்டில் பிறந்த எனக்குத் தெரியாதா? தெரியும். அன்றைக்குப் புத்தி எங்கே மேயப் போயிருந்ததோ!

அந்த அம்மாவுக்கு வேலை அம்பத்தூர் எஸ்டேட்டில், துணி ஏற்றுமதிக் கம்பெனியில், கறை எடுக்கும் பிரிவில். அதனால்தான் கோபம் இரட்டிப்பாகிவிட்டது. "நாளு பூரா எவனோ போடப்போற சட்டைல கறை எடுத்துக்கினு கீறேன். ஊட்டுக்கு வந்தாலும் அதே வேலையா மிஸ்?" நியாயமான கேள்விதானே.

ஆனால் விஷயம் கவுனோடு முடியவில்லை. அவருடைய மகளுக்கு மூன்றரை வயது. கவுனைச் சோப்பில் ஊறப் போட்ட பக்கெட் தண்ணீர் சிவந்ததும் ரத்தம் என்று வீறிட்டிருக்கிறாள். அம்மா போட்ட சத்தத்தில் மேலும் மிரண்டிருக்கிறாள். மறுநாளிலிருந்து இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். மணல், களிமண், சாக்பீஸ் எதையும் தொடமாட்டேன் என்கிறாள். கேட்டால் ஒரே பதில்: "கறை ஆயிடும் மிஸ்."

ஒரு வாரம் பொறுத்துவிட்டு அந்த அம்மாவிடம் சொன்னேன். கேட்டில் சாய்ந்துகொண்டார். "கவுன்ல கீற மஞ்சக் கறை வெயில்ல போட்டா பூடும் மிஸ். பூட்ச்சி. இத்த எங்க கொண்டுபோய்ப் போட?"

அடுத்த வார லீவு நாளில் ஒரு பை நிறைய வெள்ளை பனியன் துணித் துண்டுகளோடு வந்து இறங்கினார். நான் ஸ்லைமில் ஒவ்வொரு கலராகக் கலக்கக் கலக்க, அவர் துணியில் அப்பி, அரை மணி நேரம் விட்டு, அலசிப் பார்த்தார். கேசரிப் பவுடர் நக இடுக்கில் ஏறிக்கொண்டது. போஸ்டர் கலர் துணியை விட மறுத்தது. குழந்தைகளுக்கென்று விற்கும், தண்ணீரில் போகிற பெயிண்ட் மட்டும் தேறியது. அதையும் நான் தாராளமாக ஊற்றப் போக, கையைத் தட்டிவிட்டார். "ஆசை ஜாஸ்தி மிஸ் உங்களுக்கு! ரெண்டே சொட்டு. மொதல்ல பசைலயே கலந்துடுங்க. கையில ஒட்டாத பதம் வர்ற வரைக்கும் பெசைங்க." துணி பளிச்சென்று வெளுத்து வந்தபோது இருவரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி கைதட்டினோம். இன்றைக்கும் எந்தக் கலர் வாங்கினாலும் எனக்கு முதல் சோதனை பனியன் துணியில்தான். புது மிஸ்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

வெள்ளிக்கிழமை வந்தது. பாப்பா எதிரில் நீல ஸ்லைமைத் துணியில் ஒற்றிக் காட்டினேன். உற்றுப் பார்த்தாள். முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு விரல் வந்தது. அப்புறம் கை. அப்புறம் முழங்கை வரை! அன்று அவள் போட்ட கூச்சலில் பக்கத்து வகுப்பே எட்டிப் பார்த்தது.

சாயங்காலம் அந்த அம்மா ஓட்டமும் நடையுமாக வந்து, பாப்பாவின் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு பொட்டு நீலம் இல்லை. கவுனிலும் இல்லை. அவர் முகம் சுருங்கிப் போயிற்று.

"இன்னிக்கும் தொடலியா மிஸ்?"

நான் பதில் சொல்வதற்குள் மகளை வாரி அணைத்தார். ஜடையில் ஏதோ கொழகொழவென்று கையில் பட்டது. இழுத்துப் பார்த்தால், நெல்லிக்காய் அளவு நீல ஸ்லைம், முடியோடு பின்னிக் கிடந்தது!

"வெளாண்டுகீறா மிஸ்! எம் பொண்ணு வெளாண்டுகீறா!" அவர் போட்ட சத்தத்தில் கேட்டருகே நின்றவர்கள் எல்லாம் திரும்பினார்கள். தேங்காயெண்ணெய் தடவினால் வந்துவிடும், எடுத்துவிடுகிறேன் என்று நான் ஓடிப்போய்ப் பாட்டிலைக் கொண்டு வந்தேன்.

"இர்க்கட்டும் மிஸ்," என்றார், ஜடையைப் பத்திரமாக முன்னால் எடுத்துப் போட்டபடி. "அவங்கப்பாவும் பாக்கட்டும்."