மேற்கே திருப்பிக் கட்டிய பூக்கள்

திருவொற்றியூரில் ஆலைக்காரர்கள் நடத்திய எங்கள் பள்ளிக்கூடத்தில் நீலமேகம் தோட்டக்காரர். முன்பு கட்டுமரத்தில் போனவர். தோள் முறிந்து துடுப்புப் பிடிக்க முடியாமல் போனபின் பூவாளி பிடித்தார். மூன்று வருடமாகியும் வேலை தற்காலிகம்தான். "ஸ்கூல் இன்ஸ்பெக்டர் வந்துட்டுப் போகட்டும், நிரந்தரமாக்கிடறேன்" என்று ஹெட்மாஸ்டர் ஹென்றி ஆசை காட்டிக்கொண்டே இருந்தார். நீலமேகத்தின் மகள் பூவம்மா ஐந்தாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்காருவாள்.

1952இல் எங்கள் வகுப்பு சூரியகாந்தி விதைத்தது. பன்னிரண்டு செடி, ஆளுயரம். காலையில் கிழக்கே பார்க்கும், மாலையில் மேற்கே பார்க்கும் என்று ஹென்றி சார் நோட்டில் எழுதவைத்தார். இன்ஸ்பெக்டர் வரும் நாளில், மாலை நான்கு மணிக்கு அவர் முன்னால் தோட்டத்தில் நின்று நாங்கள் அதை ஒப்பிக்க வேண்டும்.

அந்த நாள் மதியம் நடந்த ஒத்திகையில் எங்கள் எதிரிலேயே நீலமேகம் சொன்னார். "மொட்டா இருக்க சொல்ல திரும்புச்சு சார். முத்துன பூவு திரும்பாது. எந்நேரமும் கிழக்கால, கடலாண்டையே பாத்துகினு கீது."

"நீ எனக்குப் பாடம் நடத்துறியா? நாலு மணிக்கு எல்லாம் மேற்கே பார்க்கணும். இல்லேன்னா நாளைக்கு வராதே."

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். உத்தியோகத்துக்கு நன்றாகவே உதவுகிறது.

நீலமேகம் மூங்கில் நட்டு, பூக்களை மேற்கே திருப்பித் தென்னங்கயிற்றால் கட்டினார். அவருக்குத் தெரிந்தது கட்டுமரத்துக்குப் போடும் கட்டுதான். நனைந்தால் இறுகும், கடலில் அதுதான் உயிரைக் காக்கும். கட்டியவர், பூ வாடக் கூடாதே என்று தலையோடு தண்ணீரும் ஊற்றினார். பாவி மனுஷன், பழக்க தோஷம்.

கயிறு இறுகித் தண்டுகள் ஒடிந்தன. நான்கு மணிக்குப் பன்னிரண்டு பூவும் தரையைப் பார்த்துத் தொங்கின.

"குடிகாரன் சார், வீம்புக்கு ஒடிச்சிருக்கான்" என்றார் ஹென்றி சார் இன்ஸ்பெக்டரிடம்.

நீலமேகம் சாராயத்தைத் தொட்டதில்லை. நடந்தது வகுப்புக்கே தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை, நானும்தான். அதை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. பூவம்மா மட்டும், "எங்க நைனா குடிக்காது சார்" என்றாள். யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. மறுநாள் முதல் நீலமேகத்துக்கு வேலை இல்லை.

முழுப் பரீட்சையில், சூரியகாந்தி மாலையில் எந்தத் திசை பார்க்கும் என்ற கேள்வி வந்தது. எட்டிப் பார்த்தேன். பூவம்மா 'மேற்கு' என்று எழுதியிருந்தாள்.

வெளியே வந்ததும், "இன்னாடி, நீயே இப்டி எழுதிட்ட?" என்றேன்.

"நெசத்த சொல்லி எங்க நைனாவுக்கு வேலை போச்சு. எனக்கு மார்க்காவது வரட்டும்."

ஹென்றி சார் அவளுக்கு முழு மார்க்கு போட்டார்.