சிற்றாற்றில் அக்காள் எடுத்த பாடம்

அக்காள் மறைந்து இந்த மாதத்தோடு ஓராண்டு ஆகிறது. ஆண்டுத் திதிக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அக்காளைப் பற்றிச் சில வார்த்தைகள் எழுதும்படி வீட்டில் சொன்னார்கள்.  எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

அக்காள் இலஞ்சியில் பிறந்தார்கள். நான் அவர்களுக்குத் தம்பி. மணமான மறு வருடமே அத்தான் காய்ச்சலில் போய்விட்டார். பிறந்த வீடு திரும்பிய அக்காள் அழுது ஓய்ந்த பிறகு அப்பாவிடம் கேட்டது ஒன்றுதான், மறுபடி படிக்க வேண்டும் என்று. உறவில் பலர் முகம் சுளித்தார்கள்.  அப்பா தாமே கொண்டுபோய்க் கல்லூரியில் சேர்த்துவிட்டு வந்தார்.

பின்னர் பாலிடெக்னிக்கில் பொறியியல் படிக்கும் பையன்களுக்குக் கணிதம் சொல்லித்தரும் வேலை கிடைத்தது. ஒரு பெண் வந்து நடத்துவதா என்று சிரித்த பையன்கள் உண்டு. அக்காள் அவர்களை வகுப்பை விட்டு வெளியே கூட்டிப்போனார்கள். கிணற்றில் கயிறு விட்டு ஆழம் பார்க்க வைத்தார்கள். கோயில் கோபுரத்தின் உயரத்தை அதன் நிழலைக் கொண்டு கண்டுபிடிக்க வைத்தார்கள். பார்த்து அளந்த எண்ணைத்தான் எழுத வேண்டும், புத்தகத்துக்கு ஒத்துவரும் எண்ணை எழுதக்கூடாது என்பது அவர்கள் வகுப்பின் சட்டம்.

என் மகன் வேலாயுதமும் அந்த வகுப்பில்தான் படித்தான். வகுப்பில் அத்தை என்று கூப்பிடக்கூடாது, டீச்சர்தான்.

ஒரு சாரல் காலத்தில் மாணவர்களை, நாங்கள் குடியிருக்கும் மேலகரம் பக்கம் சிற்றாற்றுக்கு அழைத்து வந்தார்கள். ஆற்றில் எவ்வளவு தண்ணீர் போகிறது என்று கணக்கிட வேண்டும். மேலே ஒருவன் நெற்றுத் தேங்காயை மிதக்க விடுவான். கீழே இடுப்பளவுத் தண்ணீரில் கயிற்றைப் பிடித்து நிற்பவர்கள் அதைப் பிடிப்பார்கள். இடையில் ஆன நேரத்தை இப்ராகிம் என்ற மாணவன் கரையிலிருந்து கடிகாரம் பார்த்துக் குறிப்பான். கீழே நின்றவர்களில் என் மகனும் ஒருவன். எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. குடையும் துண்டுமாகக் கரைக்குப் போய்விட்டேன்.

“அக்கா, அவனுக்கு நீச்சல் தெரியாது. கரையில நிக்க வையேன்.”

“ஏம்லே இப்படிப் பதறுத? எல்லாவனும் பெத்தவங்களுக்குப் பிள்ளைதான். கயித்தப் பிடிச்சுக்கிட்டுத்தான நிக்கான்?”

வெயில் அடித்துக்கொண்டிருந்தது. மலை மேல் மட்டும் மேகம் இறங்கியிருந்தது. கொஞ்ச நேரத்தில் இப்ராகிம் கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தான்.

“டீச்சர், எங்க வாப்பா வாட்ச் கெட்டுப்போச்சு போல. ஒவ்வொரு தேங்காயும் முன்ன விட்டதைவிட வெரசா வருது.”

“வாட்ச் நல்லாத்தாம்லே இருக்கு. ஒனக்குத்தான் மணி பாக்கத் தெரியல!” என்று தண்ணீரில் நின்ற என் மகன் கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள்.

“கடைசி ரெண்டையும் தள்ளிட்டு மிச்சத்துக்குச் சராசரி போட்டுருவோம் டீச்சர்” என்றான் இப்ராகிம்.

அக்காள் சிரிக்கவில்லை. “தள்ளாத. முதல்லருந்து வரிசையா வாசி” என்றார்கள். அவன் வாசித்தான். அக்காள் முகம் மாறியது.

“தப்பா அளந்தா கூடவும் வரும், குறையவும் வரும். இதுல நேரம் குறைஞ்சுக்கிட்டே போவுது. குறையுத அளவும் கூடிக்கிட்டே போவுது. வாட்ச் இல்லலே, ஆறுதான் மாறுது.” உடனே ஆற்றைப் பார்த்துத் திரும்பினார்கள். “ஏலே, எல்லாரும் கரையேறுங்க!”

“இன்னும் ஒரு தேங்கா பாத்துருவோமே டீச்சர்...”

“கயிறு கெடக்கட்டும், ஏறுலே!”

அக்காள் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. பையன்கள் முணுமுணுத்துக்கொண்டே ஏறினார்கள். என் மகன் கடைசியாக ஏறி, நான் நீட்டிய துண்டை வாங்கிக்கொண்டிருக்கும்போதே மேலே இரைச்சல் கேட்டது. செந்நிறமாக வந்த தண்ணீர் ஒரு முழு மரத்தை வேரோடு புரட்டிக்கொண்டு போயிற்று. அவன் நின்ற இடம் எது என்றே தெரியவில்லை.

 அக்காள் மணலில் உட்கார்ந்துவிட்டார்கள். நான் ஆற்றையே பார்த்துக்கொண்டு நின்றும் காணாததை, அவர்கள் எண்களைக் காதால் கேட்டே கண்டுகொண்டார்கள்.  அக்காள் இப்ராகிமைக் கூப்பிட்டார்கள்.

“இப்ராகிம், அந்தக் கடைசி ரெண்டையும் அடிச்சிராத. அதுதாம்லே இன்னைக்குப் பாடம்.”

சென்ற ஆண்டு நோய் முற்றித் தென்காசி ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும், நர்சு காய்ச்சல் பார்த்து எழுதும் அளவுகளை வரிசையாக வாசிக்கச் சொல்லிக் கேட்டார்கள். கேட்டுவிட்டு, “இது இனி எறங்காதுலே” என்று என்னிடம் அமைதியாகச் சொன்னார்கள். அதுவும் தப்பவில்லை.

பிள்ளை இல்லாதவர்களுக்கு யார் கொள்ளி வைப்பது என்று பெரியவர்கள் பேசத் தொடங்குமுன்பே, என் மகன் ஈர வேட்டியோடு வந்து நின்றான். “எங்க அத்தைக்கு நாந்தான்” என்றான். அவனே கொள்ளி வைத்தான்.

ஆஸ்பத்திரியில் பகல் முழுதும் உடனிருந்த இப்ராகிமுக்கும், பார்த்துக்கொண்ட டாக்டருக்கும் நர்சுகளுக்கும், பல ஊர்களிலிருந்து ஓடிவந்து பாடை சுமந்த மாணவர்களுக்கும், சமைத்துக் கொடுத்து எங்களைச் சாப்பிட வைத்த மேலகரம் அண்டை வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்பி நன்றி சொல்கிறது.

என் மகன் இப்போது பொதுப்பணித் துறையில் ஆறுகளில் தண்ணீர் அளக்கும் வேலையில் இருக்கிறான். மலையில் மேகம் இறங்கினால் எனக்கு இன்றும் சோறு இறங்குவதில்லை. போகாதே என்று மட்டும் அவனிடம் நான் சொல்வதில்லை.